26 பக்கத்துக்கு மதிப்பெண்ணே வரலை, வெறும் கோடுதான் வருது. ஏன்?

பத்தமடை லாத்தா | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். எங்க தெருவுல கோரைப்பாய் நெய்யுற எட்டு வீட்டுக்காகப் போன வருஷம் ஒரு இணையதளம் போட்டேன். வேர்ட்பிரஸ்ல நானே ராத்திரி ராத்திரியா உக்காந்து செஞ்சது. இப்ப மொத்தம் 43 பக்கம் ஆயிட்டு. கல்யாணப் பாய், சாதாப் பாய், கோரை ஊறப்போடுறது, சாயம், அதுக்கப்புறம் நெய்யுறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம்.

பக்கத்துக்குப் பக்கம் மதிப்பெண் போடுற, இலவசமா கிடைக்கிற ஒரு கருவியில தளத்தைக் குடுத்துப் பாத்தேன். 17 பக்கத்துக்கு நேரா எண் வருது. முகப்புக்கு 9, கல்யாணப் பாய்க்கு 6, இப்படி. மீதி 26 பக்கத்துக்கு எண்ணே இல்லை, வெறும் கோடு. சைபர்னுகூடப் போடலை. அந்த 26ல எங்க மாமியோட பக்கமும் உண்டு. நாப்பது வருஷமா தறியில உக்காந்தவங்க. எங்க தெருவுல பட்டுப்பாய் நெய்யத் தெரிஞ்சவங்க இப்ப ரெண்டே பேருதான், அதுல ஒருத்தங்க. பாயில மாப்பிள்ளை பொண்ணு பேரை ஒரு எழுத்து பிசகாம நெய்ஞ்சு குடுப்பாங்க. அவங்க பக்கத்துக்குத்தான் நான் எல்லாத்தையும் விட அதிகமா மெனக்கெட்டேன்.

நேத்து ஒரு கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. "கூகுள் உங்க பக்கங்களைத் தண்டிச்சு வச்சிருக்கு, அதான் மதிப்பெண் இல்லை. 25,000 ரூபாய் குடுங்க, மூணு மாசத்துல ஏத்தித் தாரோம்"னு சொன்னாவ. எட்டு வீட்டுலயும் பிரிச்சாத்தான் அந்தப் பணம் தேறும். குடுக்கலாமா?


டவுன் பழைய கை | செவ்வாய், இரவு 10.15

பணத்தை எடுத்துக் குடுத்துறாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க.

ஆனா தண்டனைங்கிறதை ஒரேயடியா இல்லைன்னும் சொல்லிற முடியாது. நான் ஜங்ஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சிருந்த காலத்துல, கூகுள் டூல்பார்னு ஒண்ணை இறக்கிப் போட்டா ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல ஒரு சின்னப் பச்சைக் கோடு வரும். 0ல இருந்து 10 வரைக்கும் பேஜ்ரேங்க், அதாவது மத்த பக்கங்கள்ல இருந்து வர்ற லிங்க்கை வச்சுக் கூகுள் ஒரு பக்கத்துக்குப் போடுற மதிப்பு. 2000 டிசம்பர்ல வந்தது அது. அதுலயும் ரெண்டு விதம் உண்டு. கோடு வெள்ளையா இருந்து 0ன்னு காட்டுனா, பக்கத்தைத் தெரியும், மதிப்பு கம்மின்னு அர்த்தம். கோடே சாம்பலா இருந்தா, ஒண்ணு கூகுளுக்கு அந்தப் பக்கமே தெரியாது, இல்ல ஏதோ தப்புக்குத் தள்ளி வச்சிருக்கு. சாம்பலைப் பாத்து ராத்திரி தூங்காம கிடந்த ஆளுகளை எனக்குத் தெரியும். உங்க கோடும் அந்தச் சாம்பல் மாதிரிதான் எனக்குப் படுது.


குறுக்குத்துறை | புதன், காலை 6.50

லாத்தா, பணம் குடுக்க வேண்டாம். ஏன்னு விளக்கமாவே எழுதுதேன்.

டவுன் அண்ணாச்சி சொன்ன பச்சைக் கோடு உண்மைதான். ஆனா அதைக் கடைசியா 2013 டிசம்பர்ல புதுப்பிச்சாங்க, 2016ல மொத்தமா எடுத்துட்டாங்க. இன்னைக்குத் தேதியில கூகுள் தன்னோட பேஜ்ரேங்க் எண்ணை வெளியாள் யாருக்கும் காட்டுறதில்லை. உள்ளுக்குள்ள அந்தக் கணக்கு இன்னும் ஓடுதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, வெளிய தெரியாது, அவ்வளவுதான். அதனால நீங்க பாத்த 9, 6 எல்லாம் கூகுள் போட்ட மதிப்பெண் இல்லை. மோஸ்னு ஒரு நிறுவனம் டொமைன் அத்தாரிட்டின்னு 100க்கு ஒரு எண் போடும், ஏரெஃப்ஸ்னு ஒரு நிறுவனம் யூஆர்எல் ரேட்டிங்னு 100க்கு வேற எண் போடும். இந்த மாதிரிக் கருவி ஒவ்வொண்ணும் தன் சொந்த ரோபாட்டை (தளம் தளமாப் போய்ப் பக்கத்தைப் படிக்கிற மென்பொருள்) அனுப்பி, தான் பாத்த லிங்க்கை வச்சுத் தன் சொந்தக் கணக்கைப் போடுது. கோடு வந்தா, அந்தக் கருவியோட ரோபாட் அந்தப் பக்கத்தை இன்னும் பாக்கலை, இல்ல பாத்தும் கணக்குல எடுத்துக்கலைன்னு அர்த்தம். கூகுள் என்ன நினைக்குதுங்கிறது அதுல இல்லவே இல்லை.

தண்டனை உண்டான்னு யூகிக்கவே வேண்டாம். தளம் வச்சிருக்கிறவங்களுக்காகக் கூகுள் குடுக்கிற சர்ச் கன்சோல்ங்கிற கருவியில உங்க தளத்தைச் சேத்து, மேனுவல் ஆக்‌ஷன்ஸ்னு இருக்கிறதைத் திறங்க. கூகுள் ஆளுக யாரும் கைப்பட நடவடிக்கை எடுத்திருந்தா அங்க எழுதியிருக்கும். ஒண்ணும் இல்லைன்னு வந்தா போன்ல வந்த பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க.

இனி அடிப்படை. லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டுல படிச்சப்போ உண்டாக்கினது பேஜ்ரேங்க். அந்தப் பேர்ல இருக்கிற பேஜ், லாரி பேஜோட பேரு. 1998ல எழுதின கட்டுரையில சூத்திரத்தையே போட்டிருக்காங்க. பத்தமடைக்காரங்களுக்கு இதை விளக்க எனக்குக் கன்னடியன் கால்வாயே போதும். உங்க ஊர்க் குளத்துக்கு எப்படித் தண்ணி வருது? மேல இருந்து கால் வழியா வருது. வர்ற தண்ணி மடை மடையாப் பிரியுது. லிங்க்குங்கிறது அந்தக் கால். முகப்புப் பக்கத்தோட மதிப்பு 1ன்னு வச்சுக்குவோம். அதுல இருந்து 5 பக்கத்துக்கு லிங்க் போகுது. சூத்திரப்படி அந்த 1ல 0.85தான் லிங்க் வழியாப் போகும், அதை அஞ்சாப் பிரிச்சா ஆளுக்கு 0.17. அது போக, சூத்திரத்துல ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.15 சும்மாவே உண்டு. ஆக 0.32. அதே முகப்புல 40 லிங்க் வச்சிருந்தா ஆளுக்கு 0.02 சொச்சம்தான் போகும், 0.15ஐச் சேத்தா 0.17.

அந்த 0.15தான் மழை. கால்வரத்தே இல்லாத மானாவாரிக் குளத்துலயும் மழை விழத்தானே செய்யும்? அதனால இன்டெக்ஸ்ல, அதாவது தேடலுக்காகக் கூகுள் சேத்து வச்சிருக்கிற பக்கப் பட்டியல்ல, ஏறின எந்தப் பக்கத்துக்கும் கணக்குப்படி மதிப்பு சுத்தமா இல்லாம போகாது. ஒண்ணுமே இல்லாம இருக்கிறது இன்டெக்ஸ்லயே ஏறாத பக்கம்தான். அது வரைபடத்துலயே இல்லாத குளம்.

அதனால முதல் கேள்வி மதிப்பெண் ஏன் இல்லைங்கிறது இல்லை. அந்த 26 பக்கமும் கூகுள் இன்டெக்ஸ்ல இருக்கா? ஒவ்வொரு முகவரியையும் சர்ச் கன்சோல்ல யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் பெட்டியில போட்டு, என்ன சொல்லுதுன்னு எழுதி வையுங்க. 26தானே, ஒரு ராத்திரி வேலை.


கடையத்துக்காரன் | புதன், பகல் 1.20

அக்கா, 25,000 ரொம்ப அதிகம். 2,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க் (வேற தளத்துல இருந்து நம்ம தளத்துக்கு வர்ற லிங்க்) தர்ற ஆளுக இருக்காங்க. லிங்க்தானே கால்வாய்னு குறுக்குத்துறை அண்ணனே சொல்லுதாங்க. வாங்கிப் போட்டா கோடு போயிரும்.


குறுக்குத்துறை | புதன், பகல் 1.55

தம்பி, கோடு போயிரும், வாஸ்தவம். அந்தக் கருவியில எண் ஏறவும் செய்யும். ஆனா ஒரு பாய்கூட அதனால விக்காது. காசுக்கு லிங்க் வாங்குறது கூகுளோட ஸ்பேம் விதிக்கு எதிரானது. 2012 ஏப்ரல்ல பெங்குவின்னு ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க. வாங்கின லிங்க்கை நம்பி நின்ன தளங்கள் அன்னைக்கு வரிசையா விழுந்துச்சு, என் கையால செஞ்ச தளமும் ரெண்டு அதுல போச்சு. 2016க்கு அப்புறம் அந்த மாதிரி லிங்க்கைப் பெரும்பாலும் கணக்குலயே சேக்காம விட்டுருதாங்க. அதாவது நீ குடுக்கிற 2,000 ஆத்துல போட்ட மாதிரிதான். இதை நான் கோவமாச் சொல்லலை, எட்டு வீட்டுப் பணம்ங்கிறதால அழுத்திச் சொல்லுதேன்.


வீரவநல்லூர் வயக்காடு | புதன், இரவு 8.05

எனக்குத் தளம் பத்தி அவ்வளவாத் தெரியாது, கால்வாய் பத்தித் தெரியும். அதனால ஒண்ணு கேக்கேன். கால்வாய்ல மேல்மடைக்காரன் திறந்து விட்டா அவன் தண்ணி குறையும். அதுக்குத்தானே கடைமடைக்கும் மேல்மடைக்கும் வருஷா வருஷம் சண்டை. அப்படின்னா லிங்க் குடுத்தா குடுத்த பக்கத்துக்கு மதிப்பு குறையுமா? என் மருமகன் அப்படிச் சொல்லித்தான் யாருக்கும் லிங்க் குடுக்க மாட்டேங்கான்.


குறுக்குத்துறை | புதன், இரவு 8.30

நல்லாக் கேட்டிய அண்ணாச்சி, என் உவமை அந்த எடத்துல உடையுது. ஒரு பக்கத்தோட மதிப்பு அதுக்கு உள்ள வர்ற லிங்க்கை வச்சுத்தான். வெளிய குடுக்கிறதால அதோட சொந்த மதிப்பு நேராக் குறையாது. ஆனா குடுக்கிறது எத்தனை பேருக்குன்னு பாத்து அத்தனை பங்காப் பிரியும். ஆக வெளியாளுக்கு ஒரு மடை கூடுதலாத் திறந்தா, தன் தளத்துக்குள்ள போற பங்கு கொஞ்சம் சிறுசாகும். அதுக்குப் பயந்து உபயோகமான லிங்க்கைக் குடுக்காம இருக்கிறது தேவையில்லாதது. படிக்கிறவனுக்கு உதவுற லிங்க்கைக் குடுக்கச் சொல்லுங்க மருமகன்கிட்ட.


பத்தமடை லாத்தா | வெள்ளி, இரவு 11.30

மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பாத்தேன். எந்தச் சிக்கலும் இல்லைன்னு பச்சை டிக் போட்டிருக்கு. அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கம்பெனி நம்பரை பிளாக் பண்ணிட்டேன்.

26ஐயும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். நோட்டுல எழுதினதை இங்க போடுதேன்.

நெசவுக்காரங்க பக்கம் எட்டும் ஒரே பதில்: நோ-இன்டெக்ஸ் டேக் (இந்தப் பக்கத்தைத் தேடல்ல சேக்காதேன்னு சொல்ற குறி) இருக்கிறதால விலக்கப்பட்டிருக்கு. எப்படி வந்துச்சுன்னு ரெண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில பிடிபட்டுது. முதல்ல மாமி பக்கத்தைத்தான் செஞ்சேன். முடியுற வரைக்கும் யாரு கண்ணுலயும் பட வேண்டாம்னு எஸ்இஓ பிளகின்ல (பக்கம் தேடல்ல எப்படி வரணும்னு வைக்கிற வேர்ட்பிரஸ் துணைக்கருவி) "தேடலில் காட்ட வேண்டாம்"னு வச்சிருந்தேன். அப்புறம் அதையே நகல் எடுத்து எடுத்து மத்த ஏழு பேருக்கும் போட்டேன். பேரு மாறுச்சு, போட்டோ மாறுச்சு, அந்த ஒரு செட்டிங் மட்டும் எட்டுலயும் அப்படியே இருந்திருக்கு. ஒன்பது மாசமா நானே கதவைப் பூட்டி வச்சுட்டு ஆள் வரலைன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். மாமிகிட்ட சொன்னப்போ எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

டிசைன் பக்கம் 11. அதுக்குக் கூகுளுக்கு இந்த முகவரியே தெரியாதுன்னு வருது. இது எனக்குப் புரியலை, முகப்புலயே ஓடுற படத்துல தட்டினா திறக்குதே.

5 பக்கத்துக்கு மாற்றுப் பக்கம், சரியான கேனானிக்கல் (எது மூலப் பக்கம்னு சொல்ற குறி) இருக்குன்னு வருது. மீதி 2 போன வாரம் போட்டது.


குறுக்குத்துறை | சனி, காலை 7.10

லாத்தா, ஒரே கோடுதான் தெரிஞ்சுது, பின்னால நாலு வேற வேற காரணம் இருக்கு பாத்தீங்களா?

எட்டுப் பக்கத்துலயும் நோ-இன்டெக்ஸை எடுத்துருங்க. அது ரொம்ப நாள் இருந்தா, அந்தப் பக்கத்துல இருந்து வெளிய போற லிங்க்கையும் கூகுள் பின்தொடர்றதை நிறுத்திரும். ஆக மாமி பக்கத்துல இருந்து கல்யாணப் பாய்க்குக் குடுத்த லிங்க்கும் அடைபட்டுத்தான் கிடந்திருக்கும்.

11 டிசைன் பக்கம்: நீங்க விரலால தட்டினா திறக்கும், ரோபாட் தட்டாது. உங்க முகப்போட சோர்ஸை, அதாவது பக்கத்துக்குப் பின்னால இருக்கிற நிரலை, திறந்து பாத்தேன். ஓடுற படத்துல, தட்டினா மட்டும் வேலை செய்யுற ஆன்கிளிக்னு ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் இருக்கு. லிங்க் போடுறதுக்குன்னே உள்ள ஏ டேக்கும் அதுல எச்ரெஃப்னு முகவரியும் இருந்தாத்தான் கூகுள் அதை லிங்க்னு நம்பி எடுத்துக்கும். இப்ப அந்த 11 பக்கத்துக்கும் உலகத்துல எங்க இருந்தும் ஒரு கால்கூட இல்லை. இதை அநாதைப் பக்கம்னு சொல்லுவாங்க. கல்யாணப் பாய் பக்கத்துக்குக் கீழ ஒவ்வொரு டிசைனுக்கும் பேரெழுதிச் சாதாரண லிங்க் போடுங்க. "இங்கே தட்டவும்"னு எழுதாதீங்க, "மயில் கரைப் பாய்"னு என்ன இருக்கோ அதை எழுதுங்க.

அந்த 5ஐ விட்டுருங்க. வெலை வரிசை, நிற வரிசைன்னு முகவரியில கேள்விக்குறி போட்டு வர்ற அதே பக்கத்தோட நகல்தான் அது. மதிப்பு மூலப் பக்கத்துல போய்ச் சேந்துரும். இப்படித்தான் இருக்கணும். புதுசா வந்த 2க்கும் பொறுமைதான்.


கடையத்துக்காரன் | சனி, காலை 9.00

அண்ணே, அந்த 5 நகலையும் ரோபாட்ஸ் கோப்புல தடுத்துட்டா சுத்தமா இருக்குமே? அப்புறம் அநாதைப் பக்கத்துக்கு சைட்மேப் போட்டாப் போதாதா?


குறுக்குத்துறை | சனி, காலை 9.25

தடுக்காத தம்பி. ரோபாட்ஸ் கோப்பு உள்ள வராதேன்னு மட்டும்தான் சொல்லும். உள்ள வராத ரோபாட்டுக்கு அங்க எழுதியிருக்கிற கேனானிக்கல் எப்படித் தெரியும்? நோ-இன்டெக்ஸுக்கும் இதே கதைதான். ரெண்டையும் சேத்துப் போட்டா, டேக்கைப் படிக்கவே வழியில்லாம, வெறும் முகவரி மட்டும் தேடல்ல வந்து நிக்கவும் வாய்ப்பு உண்டு.

சைட்மேப் போடலாம், போடணும். ஒரு கோப்புல 50,000 முகவரி வரைக்கும் போடலாம், நமக்கு 43தான். ஆனா அது ஊர்ப் பட்டியல் மாதிரி. இப்படி ஒரு குளம் இருக்குன்னு சொல்லும், தண்ணி கொண்டு வராது.


பொட்டல்புதூர் வாத்தியார் | சனி, மாலை 5.45

மகளே, உங்கள் மாமியின் பக்கத்தைப் பார்த்தேன். நோ-இன்டெக்ஸை எடுத்தாலும் அந்தப் பக்கம் மேலே வருவது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களைப் பற்றிய வரலாறு முழுவதும் ஒரு படத்துக்குள் இருக்கிறது. மவுசால் ஓர் எழுத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. டிடிபி சென்டரில் நோட்டீஸ் மாதிரி அடித்து வாங்கிப் படமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணால் படிப்பவருக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் ஒரு படம்தான்.

இந்த வேதனை எனக்கு உண்டு. எங்கள் ஊரைப் பற்றி 2003இல் பாமினி எழுத்துருவில் அறுபது பக்கம் தட்டச்சு செய்து ஏற்றினேன். பல வருடங்கள் கழித்துத்தான் ஏன் யாரும் தேடி வரவில்லை என்பது தெரிந்தது. "அம்மா" என்று திரையில் தெரிகிற இடத்தில் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான் இருந்தன. எழுத்துரு என்ற சட்டையைக் கழற்றினால் உள்ளே தமிழே இல்லை. யூனிகோடில் "அம்மா" என்று தேடுகிறவர் என் பக்கத்துக்கு எப்படி வருவார்? தமிழ்நாடு அரசே 2010இல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் எழுதிய எத்தனையோ பேரின் உழைப்பு இப்படிப் புதைந்து கிடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அறுபது பக்கத்தையும் எழுத்துரு மாற்றியில் போட்டு, பிழை பார்த்து, யூனிகோடில் மறுபடி ஏற்றினேன். நான்கு மாதம் ஆனது.

நீங்கள் அந்த நோட்டீஸில் உள்ளதை எழுத்தாகத் தட்டச்சு செய்து போடுங்கள். நேரம் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், நான் அடித்துத் தருகிறேன்.


பத்தமடை லாத்தா | சனி, இரவு 10.20

வாத்தியாரய்யா, நீங்க சொன்னது அப்படியே நிஜம். டிடிபி சென்டர்ல அடிச்சு வாங்கின படம்தான். நானே தட்டச்சு பண்ணிருதேன், கேட்டதே பெரிசு. மாமி பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல அடிக்கப் போறேன், நோட்டீஸ்ல இல்லாததும் நிறைய வரும்.

இன்னொரு சந்தேகம். எங்க லிங்க்கை நான் தினமும் வாட்ஸப் குரூப்புல போடுதேன். முப்பது குரூப் இருக்கும். அது கால்வாய்ல சேராதா?


குறுக்குத்துறை | ஞாயிறு, காலை 8.15

சேராது. வாட்ஸப் குரூப்புக்குள்ள கூகுள் ரோபாட் வராது. ஃபேஸ்புக்ல, பிளாக் கமென்ட்ல போடுற லிங்க் பெரும்பாலும் நோ-ஃபாலோ, இந்த லிங்க்கைக் கணக்குல எடுக்காதேன்னு சொல்ல 2005ல கொண்டு வந்த டேக் அது. 2019ல அதை ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்கிடுவோம்னு கூகுள் சொல்லிச்சு, ஆனாலும் அதை நம்பி உக்கார முடியாது. வாட்ஸப்ல போடுறதை நிறுத்தாதீங்க, அதுல ஆள் வரும், ஆர்டர் வரும்.

நெசமான லிங்க் வேணும்னா உங்ககிட்ட ஏற்கெனவே பாய் வாங்கினவங்களைக் கேளுங்க. கைவினைப் பொருள் பத்தி எழுதுறவங்க, கோரை பத்தி ஆய்வு பண்ணுன காலேஜ் பிள்ளைங்க, பாயை வாங்கி விக்கிற கடைக்காரங்க. அவங்க பக்கத்துல இருந்து ஒரே ஒரு லிங்க் வந்தாலும் அந்தத் தம்பி சொன்ன 500ஐ விட ஒசத்தி.


பத்தமடை லாத்தா | பத்து வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 6.30

யாரும் கேக்கலைன்னாலும் சொல்லணும்னு தோணுச்சு.

நோ-இன்டெக்ஸை எடுத்து ஒரு மாசத்துல எட்டுப் பக்கமும் கூகுள்ல ஏறிட்டு. டிசைன் பக்கம் 11ல 7 ஏறிட்டு. மீதி நாலும் க்ரால்டு, கரண்ட்லி நாட் இன்டெக்ஸ்டுன்னு (ரோபாட் படிச்சாச்சு, இன்டெக்ஸ்ல இன்னும் சேக்கலை) நிக்குது. அதுல ஒரு போட்டோவும் ஒரு வரியும்தான் இருக்கு, எழுதணும்.

மாமி பக்கத்துல இப்ப 900 வார்த்தை இருக்கு. கோரையைக் கீறிக் காய வச்சு ஓடுற தண்ணியில ஊறப்போடுறதுல இருந்து, பேரு நெய்யும்போது எழுத்தைத் தலைகீழா எண்ணிக்கிடுறது வரைக்கும் அவங்க சொன்னபடியே அடிச்சேன். போன செவ்வாய் காரைக்குடியில இருந்து ஒரு அம்மா போன் பண்ணுனாவ. "பெயர் நெய்த கல்யாணப் பாய்"னு தேடினாங்களாம், மாமி பக்கம்தான் வந்துச்சாம். ரெண்டு பாய்க்கு அட்வான்ஸ் போட்டுட்டாவ. மாமி நேத்தே கோரை பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அந்த இலவசக் கருவியில மாமி பக்கத்துக்கு இன்னும் கோடுதான் வருது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். மாமி பக்கத்தோட முகவரியில பத்தமடைக்கு ரெண்டு டி போட்டிருக்கேன். சிலபேரு டி எச் போட்டு எழுதுதாங்க. மாத்தட்டுமா?


குறுக்குத்துறை | ஞாயிறு, இரவு 7.05

ரொம்ப சந்தோஷம் லாத்தா. மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

முகவரியை மாத்தாதீங்க, இப்பத்தான் ஏறியிருக்கு. பக்கத்துக்குள்ள எங்கயாவது ஒரு எடத்துல ரெண்டு எழுத்து முறையையும் எழுதிருங்க, போதும். என்னைக்காவது மாத்தியே ஆகணும்னா பழைய முகவரியில 301 ரீடைரக்ட் (நிரந்தரமா மாறிட்டுன்னு சொல்லிப் புது முகவரிக்கு அனுப்புறது) போட்டுட்டு மாத்துங்க, தற்காலிகம்னு சொல்ற 302 போடாதீங்க. அந்த நாலு டிசைன் பக்கத்துக்கும் எழுதி முடிச்சதும் சொல்லுங்க, பாத்துச் சொல்லுதேன்.